பாஸின் பை

பை இருக்கிறது. ஆளைத்தான் காணவில்லை.

டைல்ஸ் பாதி பதித்த பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டு றமீலா அந்தப் பையையே பார்த்தாள். கொமட் இன்னும் அட்டைப் பெட்டிக்குள்தான் கிடந்தது.

நாளைக்கு மாமி ஆஸியா உம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இடுப்பில் ஒப்பரேஷன் செய்த மனுஷி. இனி குந்தவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் இருப்பதோ குந்துகிற பழைய கக்கூஸ்.

திகன ஊரில் டைல் பதிக்கும் மேசன், வேறு டைல் பாஸ் கிடையாதா என்று தேடியும் பார்த்தாயிற்று. ஒருவர் கட்டாரில். ஒருவர் கொரியாவில். மிஞ்சிய ஒருவர் த்ரீவீல் ஓட்டுகிறார், இனி சாந்தைத் தொடமாட்டாராம்.

வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடும் பாஸ்மார் சாமான் பையை மட்டும் முதல் வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். பை இருந்தால் ஆள் வருவார். அந்த நம்பிக்கையில்தான் ஊரில் பாதி வீடுகள் கட்டி முடிகின்றன.

ஆனால் இந்த வேலையைத் தொடங்கிய மடவளை ரிஸ்கான் பாஸ் நாலு நாளைக்கு முந்தியே பெட்டியோடு எயார்போர்ட் வேனில் ஏறிவிட்டார் என்று காலையில் கணவர் மர்சூக் கேள்விப்பட்டு வந்தார். டோஹாவில் பெரிய ஹோட்டல் கட்டுகிறார்களாம். டைல் பாஸ் என்றால் அள்ளிக்கொண்டு போகிறார்களாம்.

அப்படியென்றால் இந்தப் பை?

பழைய துணியை அடைத்து வைத்து ஏமாற்றிவிட்டாரோ என்று பயந்துகொண்டே றமீலா ஜிப்பைத் திறந்தாள். அப்படி ஒன்றுமில்லை. கட்டர், ரப்பர் சுத்தியல், கரண்டி எல்லாம் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. கைக்குப் பழகிய சாமானை விட்டுவிட்டு எந்தப் பாஸ் கடல் கடப்பார்?

அடியில், முழங்காலுக்குக் கட்டும் மெத்தைகள் இரண்டு. றமீலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரிஸ்கானின் தண்டியான காலுக்கு அவற்றின் பட்டி பாதி கூடச் சுற்றாது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஷஹ்மா வந்து நின்றாள்.

ரிஸ்கானின் மனைவி. சாந்து குழைத்துக் கொடுக்க என்று புருஷனோடு கூடவே வருகிறவள். தூசி வீட்டுக்குள் வரும் என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் இருவரும் வேலை செய்வார்கள். நடுநடுவே ரிஸ்கான் ஃபோன் பேச வெளியே வருவார். அவருக்கு நல்ல கோப்பையில், இரண்டு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி போகும். அவளுக்கும் ஏதோ ஒரு கோப்பையில் போகும்.

"பைய தாங்க ராத்தா. வேலைய முடிக்கணும்."

எந்த வேலை? யார் முடிப்பது? வேறு வீட்டுக்குத்தான் கொண்டு போகப் பார்க்கிறாள் என்று றமீலாவுக்குத் தோன்றியது. பையும் போனால் எல்லாம் போச்சு. அவள் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அழுகை வந்துவிட்டது.

ஷஹ்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவளுடைய ஃபோன் அடித்தது.

திரையில் ரிஸ்கான். முகமெல்லாம் வியர்வை. பின்னால் வெளிச்சமான, பெரிய, வெறும் சுவரான ஒரு பாத்ரூம்.

"ஷஹ்மா, மெதுவாப் பேசு, போர்மன் பக்கத்துல நிக்கிறான். பைப் வாற எடத்துக்கு டைல்ல வட்டமா எப்பிடி வெட்டுற?"

ஷஹ்மா தணிந்த குரலில் ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னாள். சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பதித்து முடித்த டைல்ஸ் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

றமீலா பையை அவள் பக்கத்தில் வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குப் போய், நல்ல கோப்பையை எடுத்தாள்.

"பாஸ், ஒங்களுக்குச் சீனி எத்தன கரண்டி?"