ஊர் நிறைய ஆள்

"பூட்டிக் கெடக்கற ஊட்டு முன்னாடியும் நாலு துணியக் காயப் போடு சாமி. ஆளு குடியிருக்கறாப்ல தெரியோணும்!" சென்னியம்மாள் மகனை விரட்டினாள்.

முப்பத்தாறு வயது மதியழகன் யார் வீட்டுச் சேலையையோ கொடியில் போட்டான். மீசைக்கு அடித்த சாயம் வியர்வையில் கரைந்துவிடக் கூடாதே என்று அண்ணாந்தபடியே வேலை செய்தான்.

நரிக்கல்புதூரில் ஒரு காலத்தில் எண்பது வீடு. ஏரி வற்றியதும் பாதிப் பேர் போர்வெல் லாரி ஏறி வடக்கே போனார்கள். பள்ளிக்கூடத்தை மூடியதும் மீதிப் பேர் நாமக்கல்லுக்குப் போனார்கள். இப்போது மிச்சம் இந்தத் தாயும் மகனும், காது கேட்காத ஒரு பெரியவரும்தான். "ஆளில்லாத ஊருக்கு ஆரு பொண்ணு குடுப்பாங்க?" என்று ஏழு பெண் வீட்டார் காபியைக் குடித்துவிட்டு நடையைக் கட்டியிருந்தார்கள்.

எட்டாவதாக இன்று சௌந்தர்யா வருகிறாள். கோழித்தீவனக் கம்பெனியில் வேலை. ஊரை நேரில் பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்வேன் என்றிருந்தாள்.

அதனால் பிரியாணி போடுவதாகச் சொல்லிப் பக்கத்து ஊரிலிருந்து நாற்பது பேரை ஏற்றி வந்திருந்தான் மதியழகன். நூறு நாள் வேலைக்கு வரும் அதே சுறுசுறுப்போடு அவர்கள் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். செல்லாயி என்கிற கிழவி மட்டும் காலிக் குடத்தோடு தெருவில் போவதும் வருவதுமாக இருந்தாள்.

கார் வந்தது. அப்பா முருகானந்தத்தோடு இறங்கிய சௌந்தர்யாவைப் பார்த்ததுமே, கட்டினால் இவளைத்தான் என்று மதியழகனுக்குத் தோன்றிவிட்டது. முன்பு ஏழு முறையும் இப்படித் தோன்றியதுதான்.

"உங்க காடு தோட்டமெல்லாம் எங்கீங்க இருக்குது?" என்று அவளே கேட்டாள்.

"ஊரை ஒட்டி மேக்காலீங்க."

"காத்து எந்தப் பக்கமிருந்துங்க அடிக்கும்?"

"மேக்கால இருந்துதானுங்க. நம்ம காட்டுல கெளம்புற காத்து நேரா ஊருக்குள்ள வந்துரும். அவ்வளவு சுகமுங்க!"

அவள் முகம் வாடிவிட்டது. சென்னியம்மாளுக்குப் பதறியது.

"தனியா இருக்கோணுமேன்னு பயப்படாத சாமி. ஒரு சத்தம் போட்டா ஊரே ஓடி வந்துரும்."

முருகானந்தம் கார்ச் சாவியை எடுத்தார். சௌந்தர்யா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மாப்பிள்ளையப் புடிச்சிருக்குதுங்க அத்தை. ஆனா நான் இருபதாயிரம் கோழிக்குப் பண்ணை போடப் போறேன். நாத்தம் அடிக்குது, ஈ மொய்க்குதுன்னு மனுக் குடுக்க ஆளே இல்லாத ஊருன்னு தரகர் சொல்லித்தான் வந்தோம். இங்க என்னடான்னா இத்தனை சனம்!"

மதியழகன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அலறினான். "அய்யோ, இவங்க ஆரும் இந்த ஊரே இல்லீங்க!"

ஏற்ற வேலையில் குறை வைக்காத செல்லாயி குடத்தை இறக்கி வைத்தாள். "ஏஞ்சாமி இப்படிச் சொல்ற? நாலு தலைமுறையா நாங்க இந்த ஊர்லதான இருக்கறோம்!"