தலைக்கு ஒரு மணி

துருப்பிடித்து நிற்கும் ரயில்பெட்டியின் முன்னால் வைக்கப்போகும் பலகைக்கான வாசகத்தை நகராட்சிக்காரர் என் கையில் கொடுத்தார். அந்த மலைரயிலில் வேலை பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான்.

லிஸ்பனிலிருந்து வந்தவர்கள் பெட்டிமேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ரயிலுக்கு இன்ஜின் கிடையாது. ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் இரண்டு பெட்டிகள். கீழே ஏறுகிறவர்களை எண்ணி, தலைக்கு ஒரு மணி அடிப்பது என் வேலை. அதைக் கேட்டு அத்தனை பேருக்குத் தகுந்த தண்ணீரை மேல்பெட்டித் தொட்டியில் நிரப்பி, பிரேக் பிடித்து இறக்குவது அமாந்தியுவின் வேலை. தண்ணீரின் பாரத்தில் மேல்பெட்டி இறங்கும், கீழ்ப்பெட்டி ஏறும்.

தண்ணீர் கூடிப்போனால் பிரேக் தாங்காது.

தாளைப் படித்தேன்.

1968, மாதா திருவிழா. பிரேக்காரர் அமாந்தியு குடிபோதையில் அளவுக்கு மேல் தண்ணீர் நிரப்பினார். மேல்பெட்டி தறிகெட்டு ஓடி வந்து மோதியது. ஏழு பேர் பலி. அன்றோடு ரயில் நின்றது.

இரண்டு கால்களும் போய் அமாந்தியு பிழைத்தார். அதைப் பிழைப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாகும்வரை முப்பது வருடம் ஊர் அவரைக் குடிகாரன் என்றே கூப்பிட்டது.

அவர் மகள் இல்டா என் பக்கத்தில் வந்து நின்றாள். இதற்காகவே பஸ் பிடித்து வந்திருந்தாள்.

“அப்பா அன்னைக்கு ஒரு சொட்டு குடிக்கல மாமா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அந்த வரியை எடுத்துருவாங்க. செத்த மனுஷனை இன்னும் எத்தனை வருஷம் ஏசுறது?”

நகராட்சிக்காரர் பேனாவோடு காத்திருந்தார்.

நான் கோழை. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து கடைசி வரிக்குப் போனேன். கீழ்ப்பெட்டியில் இருந்தவர்கள் இருபது பேர் என்று போட்டிருந்தது.

பழக்கதோஷம். என் எண்ணிக்கையில் அதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

“இருபது இல்ல, பன்னெண்டு. எட்டுப் பேர் மலைமேல மாதா கோயிலுக்கு முட்டி போட்டே படியேறுறதா நேர்ந்துக்கிட்டவங்க. கிளம்புற நேரத்துல ஞாபகம் வந்து இறங்கிட்டாங்க.”

நகராட்சிக்காரர் எண்ணைத் திருத்திக்கொண்டார்.

இல்டா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் மெதுவாகத்தான் வந்தது.

“மணி இருபது தடவை அடிச்சுதுன்னு அப்பா சாகுறவரைக்கும் சொல்லிட்டே இருந்தாரே மாமா.”