மனசு படிக்கும் குல்லா

"அசையாம உக்காருங்க. மெஷின் ஓடறப்ப பேசவே கூடாது" என்றாள் தனபாக்கியம்.

அவள் கணவர் ஏகநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய கம்பளிக் குல்லாவின் மேல் பழைய ஆன்டெனா ஒயரைச் சுற்றி, மறுமுனையைத் தன் காதில் மாட்டிக்கொண்டாள். அவர் டிரங்குப் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கும் காமிக்ஸில், ஒரு கிறுக்கு விஞ்ஞானி இப்படித்தான் அடுத்தவர் மனசைப் படிப்பான்.

"தெரியுதுங்க! இஞ்சி டீ வேணும், அதான?"

தலையாட்டினார்.

"தொட்டுக்க மொறுமொறுன்னு வர்க்கி?"

ஆட்டினார்.

"மஞ்சூர் போயி எங்கண்ணனைப் பார்க்கோணும்?"

அதற்கும் ஆட்டினார்.

தனபாக்கியம் ஒயரைக் கழற்றினாள்.

"ஏனுங்க, எங்கண்ணன் ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சபதம் போட்ட ஆளு நீங்க. எஸ்டேட் கேண்டீன்லகூட இஞ்சி டீயைத் தொட்டதில்ல. பக்கவாதத்துல பேச்சுப் போனதுலிருந்து நான் எதைச் சொன்னாலும் ஆட்டறீங்க. இல்லைன்னு ஆட்டினா எம்மனசு நோகும்னுதான?"

அவர் தலைகுனிந்தார்.

"அப்புறம் உங்களுக்கு என்ன வேணும்னு நான் எப்படிங்க கண்டுபிடிக்கறது?" கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒயரை மறுபடி மாட்டினாள். "கடைசியா ஒண்ணு. 'எம்பொண்டாட்டி சமையலை அடிச்சுக்க இந்த மலையிலயே ஆளில்ல.' இதைத்தான நெனைக்கறீங்க?"

ஏகநாதன் அவளையே பார்த்தார். கோணிப்போன வாயில் மெல்லச் சிரிப்பு வந்தது. தலையை இடமும் வலமுமாக அழுத்தி ஆட்டினார்.

"அப்பாடா!" என்று அவரைக் குல்லாவோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டாள் தனபாக்கியம். "இப்பத்தானுங்க மெஷின் வேலை செய்யுது!"