வியாழக்கிழமை கிளினிக்

மனநலக் கிளினிக் பெஞ்சில் கிறிஸ்தோபர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். அப்படியும் பக்கத்திலிருந்தவர் கண்டுபிடித்துவிட்டார்.

டவுனில் புடவைக் கடை வைத்திருக்கும் ஸஹாப்தீன். ரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றில் பிறந்து, கொழும்பு கிளப் ஒன்றில் சம்பளத்துக்கு விளையாடும் கோல்கீப்பர் கிறிஸ்தோபரை மாத்தளையில் யாருக்குத்தான் தெரியாது?

மனைவி றாபியாவை மாதாமாதம் கூட்டிவருவதாக அவர் சொன்னார். எட்டு வருடமாம். அவளுக்குத் தூக்கமே கிடையாது, கதவு தட்டினாலே உடம்பு நடுங்கும் என்றார். அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த றாபியா கிளினிக் கார்டை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

ஸஹாப்தீன் கிறிஸ்தோபரின் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன மாதம் பெனால்டியைத் தடுத்த கைகள்.

"ஆரக் கூட்டிட்டு வந்தீங்க மகன்?"

அம்மாவை என்று சொல்லிவிடலாம். பஸ்ஸில் வரும்போது அப்படித்தான் நினைத்து வைத்திருந்தான்.

"யாரையும் இல்ல நாநா. எனக்குத்தான் கிளினிக்."

சொன்ன பிறகு வாய் நிற்கவில்லை.

எண்பத்துமூன்று கலவரத்தில் அவனுக்கு ஏழு வயது. லயத்துக்குத் தீ வைக்க ஆட்கள் வருகிறார்கள் என்றதும், அம்மா கைக்குழந்தையான தங்கச்சியை அவனிடம் கொடுத்துத் தேயிலைக்குள் ஒளித்துவிட்டு, சுகமில்லாத அப்பாவைக் கூட்டிவர ஓடினாள். சத்தம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூச்சல் நெருங்கியபோது தங்கச்சி அழுதாள். அவன் அவள் வாயைப் பொத்தினான். கூச்சல் கடந்து போகும்வரை கையை எடுக்கவில்லை.

எடுத்தபோது அவளிடம் மூச்சில்லை.

உலுக்கினான். முகத்தில் ஊதினான். எவ்வளவு நேரமோ, பிறகுதான் அழுதாள்.

அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. மைதானத்தில் சனம் கத்தும்போதெல்லாம் அந்தச் சின்ன வாயின் சூடு உள்ளங்கைக்கு வந்துவிடும். இருபது வருடம் மறைத்துவிட்டுப் போன வாரம்தான் கோச்சிடம் சொன்னான். வைத்தியம் பார்த்துக்கொண்டு வா, உன் இடம் இருக்கும் என்று அவர் அனுப்பிவைத்தார்.

தங்கச்சி இப்போது எங்கே என்று ஸஹாப்தீன் மெதுவாகக் கேட்டார்.

உக்குவளையில் கட்டிக்கொடுத்திருக்கிறது, ஒரு பிள்ளை இருக்கிறது, பேசத் தொடங்கினால் யாராலும் நிறுத்த முடியாது என்று சொல்லும்போது கிறிஸ்தோபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சு இவ்வளவு லேசாக இருந்த நாள் அவனுக்கு நினைவில்லை.

ஸஹாப்தீன் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் கதவைத் திறந்து, "ஸஹாப்தீன்" என்று கூப்பிட்டார்.

றாபியா வழக்கம்போல முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முதலில் எழுந்தார். ஸஹாப்தீன் அவர் கையிலிருந்த தன் கார்டை வாங்கிக்கொண்டார்.

"நீ இரி. என்ட பேரத்தானே கூப்பிட்டாங்க."

பெஞ்சிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். தனியாகவே உள்ளே போனார்.

றாபியா முதன்முறையாக முதுகைச் சாய்த்து வசதியாக உட்கார்ந்தார். பிறகு பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, பிளேன்டீ குடிக்கிறீர்களா என்று கிறிஸ்தோபரிடம் கேட்டார்.