ஒன்பதாம் தூணடியில்

மேலே பாலத்தின் கடைசி இடைவெளியும் மூடிக்கொண்டபோது இசோகாய் அண்ணாந்து பார்க்கவில்லை. ஆற்றின் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை. கமோ வரும் நாள்.

அறுபத்து நான்கு வயதில் அவருக்குக் கிடைத்த வேலை இது. புல்லட் ரயிலுக்காகக் கட்டும் மேம்பாலத்தின் ஒன்பதாம் தூணடியில், கொடியோடு நிற்பது. கான்கிரீட் லாரி வெளியே வந்தால் சிவப்பைக் காட்டிச் சாலையை நிறுத்த வேண்டும். லாரி போனதும் வெள்ளை.

மூன்று வருடமாக நிற்கிறார். இதுவரை ஒரு ஓட்டுநர்கூடக் கண்ணாடியை இறக்கிப் பேசியதில்லை.

கமோ மட்டும்தான் பேசுவான். நாற்பது வயதிருக்கும். பல் மருத்துவமனை ஒன்றில் வேலை, புதன் விடுமுறை. பாலம் வளர்வதை வாராவாரம் படமெடுத்து இணையத்தில் போடுவதில் அப்படியொரு பைத்தியம்.

அக்கரை மேட்டில் கேமராவை நிறுத்திவிட்டுக் கையை உயர்த்துவான். இசோகாய் கொடியைத் தாழ்த்தி, அசையாமல் நின்று, பிறகு தலைவணங்குவார். படமெடுத்ததும் நடைபாலம் வழியாக இக்கரைக்கு வந்து பத்து நிமிடம் பேசிவிட்டுப் போவான். பேச்செல்லாம் பாலத்தைப் பற்றித்தான்.

அந்தப் பத்து நிமிடத்துக்காக இசோகாய் புதன்கிழமைகளில் தவறாமல் சவரம் செய்துகொண்டார். சூடான டப்பா காபி இரண்டு வாங்கி, ஆறிவிடாமல் கோட்டுக்குள் வைத்துக்கொள்வார்.

இன்று கமோ வந்ததும் வராததுமாகக் கைக்கணினியைத் திறந்தான். “முடிஞ்சிருச்சு ஐயா! நூத்தம்பது படம், எல்லாம் ஒரே இடத்துலேர்ந்து.”

விரலால் தள்ளத் தள்ளத் தூண் வளர்ந்தது. பனியில், மழையில், வயல் பச்சையாயிருந்த நாளில். ஒவ்வொரு படத்திலும் தூணடியில் அரிசிமணி அளவுக்கு ஒரு ஆள், கையில் கொடியோடு.

இசோகாய் திரையருகே குனிந்து பார்த்தார். தன்னையும் ஒருவன் நூற்றைம்பது தடவை படமெடுத்திருக்கிறான்.

“பக்கத்துல ஒரு ஆள் நின்னாத்தானே தூண் எவ்வளவு உயரம்னு தெரியும்? கை காட்டினா நீங்க ஆடாம அசையாம நிப்பீங்க. ரொம்ப வசதியாப் போச்சு,” என்றான் கமோ, கள்ளமில்லாமல்.

ஆக, அவன் கை உயர்த்தியது வணக்கம் இல்லை.

இசோகாய் காபியை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்ட கமோ, அடுத்த வாரத்திலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு பாலத்துக்குப் போகப்போவதாகச் சொன்னான். நின்றபடியே குடித்து முடித்தான்.

அவன் கிளம்பும் நேரத்தில், ஒரு படம் அச்சுப்போட்டு அனுப்ப முடியுமா என்று இசோகாய் கேட்டார்.

“தாராளமா! எது வேணும்? இன்னிக்கு எடுத்ததா?”

இசோகாய் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போய் முதல் படத்தில் நிறுத்தினார். உழுதுபோட்ட மாதிரி மண். நாலைந்து இரும்புக் கம்பி. நடுவில் கொடியோடு அவர்.

“இதுல பாலமே இல்லையே ஐயா!”

“இது போதும் கமோ.”

முகவரியை அவரே எழுதிக்கொடுத்தார். யோசிக்காமல், மனப்பாடமாக எழுதினார். ஒசாகாவில் ஒரு அடுக்குமாடி வீடு. பதினோரு வருடத்துக்கு முன்னால் வந்த புத்தாண்டு அட்டையில் இருந்தது. அதற்குப் பிறகு அட்டை வரவில்லை.

“யாருக்கு?”

“என் பொண்ணுக்கு.”

பேனாவைத் திறந்த கமோ சற்றுத் தயங்கினான். காது மடல் சிவந்தது. “பின்னாடி உங்க பேர் எழுதணுமே... மன்னிக்கணும், இத்தனை நாள் கேட்டதே இல்ல. உங்க பேர் என்ன ஐயா?”

உள்ளிருந்து லாரி ஒன்று உறுமியது. இசோகாய் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு சாலைக்கு நடந்தார்.

“பேரு வேண்டாம்,” என்றார் திரும்பாமலே. “அடையாளம் தெரியுதான்னு பாப்போம்.”