குப்பைத் தொட்டியைத் தொடாதவன்

பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக்காக அன்று நின்றது ஒரு நீலக் குப்பைத் தொட்டி.

அதற்குச் சில அடி முன்னால், மார்பளவு பஞ்சுத் திண்டைப் பிடித்துக்கொண்டு லைல் ஹாஸ்கெட் நின்றார். அவரைச் சுற்றி ஓடித் தொட்டியைச் சாய்க்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்கைச் சாய்க்கிற அந்த ஒரு வேலைக்கென்றே ஆள் எடுக்கிறார்கள்.

சாய்க்க வேண்டியவன் மாபியோர் அஜக். கூடைப்பந்தை விட்டு இதற்கு வந்து இரண்டே வருடம். இண்டியானாபோலிஸில் நடக்கும் பெரிய பரிசோதனைக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. நெப்ராஸ்காவின் சின்னக் கல்லூரி ஒன்றில், கூரை போட்ட மைதானத்தில், இந்த ஒரு காலைப்பொழுது. அவ்வளவுதான் அவனுக்கு. மாதக் கடைசியில் கிளப்புகள் ஆள் எடுக்கும் நாள்.

வேலியோரம் ஐந்து கிளப்புகளின் ஆட்கள், பெண் பார்க்க வந்தவர்களைப் போல. கல்லூரி வைத்த டோனட்டைத் தின்றபடி அவன் கையின் நீளத்தை அளந்தார்கள். உள்ளங்கையை விரிக்கச் சொல்லி அளந்தார்கள். சட்டையைக் கழற்றித் திரும்பி நிற்கச் சொன்னார்கள். ஒரே ஓட்டத்துக்கு ஐந்து கடிகாரங்களும் ஐந்து நேரம் காட்டின. ஒவ்வொருவரும் தம் கட்டைவிரலையே நம்பினார்கள்.

"ஆள் பச்சை," என்றார் பிராண்ட் கெஸ்லர். கூரைக்கு அடியிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். "ஆனா உடம்பு இருக்கே, கடவுள் லீவு போட்டு உக்காந்து செஞ்சது."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். பச்சை என்றால் அவர்கள் அகராதியில் ஆட்டம் தெரியாது, விலை குறைவு என்று பொருள். போன வருடமும் கெஸ்லர் தன் கிளப்புக்கு ஒரு பச்சையைப் பிடித்துக் கொடுத்தார். அது பழுக்கவில்லை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

திண்டு பிடிக்கவும் யாரும் வருவதில்லை. எப்போதும் ஆறாவது கிளப்புக்கு ஆள் தேடுகிற லைல்தான். அறுபதை நெருங்கும் வயது. மோட்டலிலிருந்து மோட்டலுக்குப் போகிற வேலை. வீடு என்ற ஒன்றில் தபால் மட்டும் குடியிருக்கிறது.

"பெருசு, இடுப்பு பத்திரம்," என்றார் கெஸ்லர்.

முதல் ஓட்டத்தில் மாபியோர் லைலைக் காற்றாகக் கடந்தான். கடந்த வேகத்தில் தொட்டியையும் கடந்து, சுவரில் கைவைத்து நின்றான்.

இரண்டாவதில் அவன் காலே அவன் காலைத் தட்டிவிட்டது. வேலியோரம் சிரிப்பு.

மூன்றாவதுதான் கடைசி.

விசில் ஊதியதும் தோளைத் தாழ்த்தினான். தரையோடு சாய்ந்து, லைலின் கைக்கு அடியில் வளைந்து புகுந்தான். அந்த உயரம் அப்படி வளையும் என்று யாரும் நினைக்கவில்லை. கெஸ்லர் மெல்வதை நிறுத்தினார். தொட்டி கையெட்டும் தூரத்தில்.

பின்னால் லைல் பொத்தென்று விழுந்தார்.

மாபியோர் திரும்பினான்.

தொட்டியை விட்டுவிட்டு வந்து மண்டியிட்டான். லைலின் தலைக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்தான். மறு கையால் முழங்கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தான். பிளாஸ்டிக் புல்லுக்கு நடுவே தூவியிருந்த கறுப்பு ரப்பர் துகள்கள் அவர் காலரெல்லாம் ஒட்டியிருந்தன. அவற்றைத் தட்டிவிட்டான்.

"தலைல பட்டுச்சா சார்? வீட்ல யாருக்காவது சொல்லணுமா?"

லைல் அவன் முகத்தைப் பார்த்தார். இல்லை என்றார். அது எந்தக் கேள்விக்கு என்று அவன் கேட்கவில்லை.

வேலியோரம் ஐந்து பேனாக்கள் அசைந்தன.

"குவார்ட்டர்பேக் விழுந்தா தண்ணி வாங்கிக் குடுப்பான் போல," என்றார் கெஸ்லர். மெல்வது மீண்டும் தொடங்கியது.

வண்டிகள் நிற்குமிடத்தில், காருக்குள் உட்கார்ந்து, லைல் தன் கிளப்புக்குப் போன் செய்தார். மறுமுனையில் அவருடைய தலைவர் கார்ல் ஆஸ்ட்ரம். லைல் அழுத்திச் சொன்ன பையனை கார்ல் இதுவரை விட்டதில்லை.

கையின் நீளத்தைச் சொன்னார். ஓட்டத்தைச் சொன்னார். அந்த வளைவைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது.

தொட்டியைத் தொட்டானா என்று கார்ல் கேட்டார்.

தொடவில்லை. நடுவில் திரும்பிவிட்டான். ஒருவர் விழுந்துவிட்டார்.



"மறுபடியும் விழுந்தியா லைல்?" கார்லின் குரல் தாழ்ந்திருந்தது. "பையன் நிக்காம போறானான்னு பாக்க இப்படி விழுற சோதனைய நாமதான் வச்சோம், சரி. கிளப் வக்கீல் வேணாம்னு சொன்னதும் அத விட்டு ஆறு வருஷம் ஆச்சே. நீ ஏன் இன்னும் போற எடத்துலல்லாம் விழுந்துட்டு இருக்க?"

லைல் கண்ணாடி வழியே பார்த்தார். மைதானத்தின் கதவு திறந்தது. மாபியோர் அந்த நீலத் தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, அது வழக்கமாக இருக்கிற சுவரோரம் வைத்தான். சுற்றி யாருமில்லை.

"வேணும்னே விழுந்திருந்தா சொல்லிடு," என்றார் கார்ல். "அப்ப பையன் மேல தப்பில்ல, அந்த ஓட்டம் கணக்குல வராது. இன்னொரு தடவ கூப்பிட்டுப் பாக்கலாம்."

"இல்ல," என்றார் லைல். "புல்லு ஈரம். வழுக்கிடுச்சு."

அப்படியானால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடலாமா என்று கார்ல் கேட்டார்.

இத்தனை வருடம் விழுந்தும் யாரும் பிடிக்காத, இன்று அவன் பிடித்த முழங்கையை லைல் மறு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். காலரிலிருந்து காய்ந்த ரப்பர் துகள் ஒன்று மடியில் உதிர்ந்தது.

"அடிச்சிடு," என்றார்.