பெற்றவள் பெயர்

"உன் வாயால சொல்லமாட்டே இல்ல? செத்தவன் வாயால சொல்ல வைக்கிறேன், வாடி!"

நடுப்பகல் வெயிலில் சந்தைத் தெருவே வேடிக்கை பார்க்க, தெர்மூதிஸ் தன் மருமகள் சிந்தோனிஸைத் தரதரவென்று இழுத்து வந்தாள். இடுப்பில் இருந்த குழந்தை வீரிட்டு அழுதது.

ஆவி அழைக்கும் ஒன்னோப்ரிஸின் கதவை அவள் தட்டவில்லை, உதைத்தாள்.

"மெதுவா, தாயி. மனுசன் செத்தாத்தான் என்னால எழுப்ப முடியும். கதவு செத்தா முடியாது."

"கிண்டல் பேசற நேரமாய்யா இது? என் சின்ன மகன் கோப்ரேஸ் போயிட்டான். நல்லாத்தான் தறியில உக்காந்திருந்தான். நாக்கு இழுத்துக்கிட்டு, உடம்பு நெருப்பா கொதிச்சு, விடியறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. எவனோ ஏவல் வச்சிருக்கான். யாருன்னு அவனே வந்து சொல்லணும்."

விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த ஒன்னோப்ரிஸின் கை ஆடி, கொஞ்சம் தரையில் சிந்தியது.

"நீ யாரோ, உன் மகன் யாரோ. உங்க குடும்பத்தை நான் கண்ணால கண்டதில்ல" என்றான். "யார் மேல சந்தேகம்?"

"இதோ நிக்கறாளே அவன் பொண்டாட்டி, இவ மேலதான்! புருசனோட தறிக்கூடப் பங்கை அமுக்கிக்கிட்டு வேற எவனையோ கட்டிக்கப் பாக்கறாள்னு என் மூத்தவன் ஹோரியோன் அன்னிக்கே சொன்னான். ஆனா, 'ஆவியை எழுப்பறது பாவம்மா, வேணாம்'னு தடுத்தான். அவன் நல்லவன். நான் நல்லவ இல்ல. அவனுக்குத் தெரியாமத்தான் வந்திருக்கேன்."

"அத்தை, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல..."

"மூடு வாயை! அவன் மட்டும் உன் பேரைச் சொல்லட்டும், புள்ளையப் புடுங்கிக்கிட்டு உன்னைத் தெருவுல தள்ளலைன்னா பாரு!"

ஒன்னோப்ரிஸின் முகம் தெளிந்தது. மருமகளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினான். சிவப்புச் சாயம் துளியும் படாத விளக்கை எடுத்து வைத்தான். சிவப்பு இருந்தால் கூப்பிட்டது வராமல் வேறு ஏதாவது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"செத்தவன் முடி?"

தெர்மூதிஸ் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். கோப்ரேஸ் என்றால் குப்பை என்று அர்த்தம். அப்படிப் பெயர் வைத்தால் சாவு சீந்தாது என்று அந்த ஊரில் பலரும் வைப்பதுண்டு. அவனையும் சீந்திவிட்டது.

"அவன் தாய் பேரு?"

"அப்பன் பேரு வேணாமா?"

"அப்பன் பேரு வரி கட்டத்தான் ஆகும். இந்த வேலைக்குத் தாய் பேருதான். ஆவியைக் கூப்பிடவும் அதான், உயிரோட இருக்கறவனைக் கட்டவும் அதான், கொல்லவும் அதான். தப்பாச் சொன்னா எதுவும் பலிக்காது."

தெர்மூதிஸ் மருமகளைப் பார்த்தாள். பிறகு வெடுக்கென்று, "நான்தான்யா தாய்! தெர்மூதிஸ்!" என்றாள்.

ஒன்னோப்ரிஸ் சாம்பிராணி போட்டுக் குரலெடுத்தான். "தெர்மூதிஸ் பெற்ற கோப்ரேஸே, வா!"

சுடர் அசையவில்லை.

"தெர்மூதிஸ் பெற்ற கோப்ரேஸே, எழுந்து வா! உன்னைக் கொன்றவர் யார் என்று சொல்!"

சுடர் வரைந்து வைத்தது போல நின்றது.

"பாத்தியாய்யா, இவதான் வரவிடாம கட்டிப் போட்டிருக்கா!" தெர்மூதிஸ் மருமகளின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தாள். சிந்தோனிஸ் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தாள்.

ஒன்னோப்ரிஸுக்கு வியர்த்தது. கண்ணை மூடி, உடலை ஆட்டி, மூச்சு விடாமல் மந்திரத்தை ஓட்டினான். பழகிய நாக்கு தன்பாட்டுக்கு ஓடியது.

"வா, வா, வா! தவேஸ் பெற்ற கோப்ரேஸே, வா!"

சுடர் ஒரு முழம் எழும்பிக் கூரையை நக்கியது.

கண்ணைத் திறந்த ஒன்னோப்ரிஸ் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். தெர்மூதிஸின் பிடி தளர்ந்து, மருமகளின் முடி அவள் விரல்களிலிருந்து நழுவியது.

தவேஸ். பழைய ஊரில் பக்கத்து வீட்டுக்காரி. பெற்ற சிசுவை விடியலில் குப்பைமேட்டில் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தவள், அந்த மாதமே செத்தும் போனாள். அந்தச் சிசுவை வாரி எடுத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்து, தன் வயிற்றில் பிறந்தவன் என்றே தெர்மூதிஸ் வளர்த்தாள். கோப்ரேஸுக்கே அது தெரியாது.

"தவேஸா? அது யாரு அத்தை?" என்றாள் சிந்தோனிஸ்.

தெர்மூதிஸ் பாய்ந்து ஒன்னோப்ரிஸின் குரல்வளையைப் பிடித்தாள்.

"அவனைப் பெத்தவ. அந்தப் பேரு தெரிஞ்சு உசுரோட இருக்கறது ரெண்டே பேரு... நானும், அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன என் மூத்தவனும்!"